மாஸ்டரின் இடது கால்

கிளச் கருகும் வாசனையை வைத்தே, அந்த வண்டிக்காரர் எந்த டிரைவிங் ஸ்கூலில் படித்தவர் என்று சொல்லிவிடுவேன். பெரிய வித்தையெல்லாம் இல்லை. செம்மண்டலத்தில் நான் ஒர்க்‌ஷாப் போட்ட காலத்தில், கடலூரின் எந்தத் தெருவிலிருந்து வண்டி வந்தாலும், கிளச் கருகி வந்தால் அது மாஸ்டரிடம் படித்த கால்தான். மற்ற ஸ்கூல்காரர்கள் கியரைத்தான் உடைப்பார்கள்.

மாஸ்டரின் பெயரை எழுதப்போவதில்லை. இப்போது ஓசூரில் மகன் வீட்டில் இருக்கிறார். பெயரைப் போட்டால் உடனே ஃபோன் செய்து, இதில் நான் எங்கெங்கே இன்டிகேட்டர் போடாமல் திரும்பியிருக்கிறேன் என்று ஒரு மணி நேரம் பேசுவார். பெயர் போடாவிட்டாலும் பேசுவார். அது வேறு விஷயம்.

அப்போது அவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். தேய்த்த வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, காலருக்குள் மடித்துச் செருகிய கர்ச்சீப். ஆயுளில் பாதியை வண்டியின் இடது சீட்டில் கழித்தவர். டிரைவிங் ஸ்கூல் வண்டிகளில், சொல்லிக்கொடுக்கிறவர் காலடியிலும் ஒரு கிளச், ஒரு பிரேக் இருக்கும். படிக்கிறவன் சொதப்பினால் அவர் மிதித்துக் காப்பாற்றவேண்டும். எந்த நொடியில் சொதப்புவான் என்று தெரியாது. அதனால் அந்தப் பெடல்களை விட்டுக் காலை எடுக்கவே முடியாது. அவர் தொழிலுக்கு அது சரி. ஆனால் மாஸ்டர் அதையே வலது சீட்டில் உட்கார்ந்தவனுக்கும் சொல்லிக்கொடுத்தார். ஸ்கூல் சுவரில் நீலப் பெயின்டில் பெரிதாக எழுதியிருக்கும்: ‘கண் ரோட்டில், கால் கிளச்சில்.’ இந்த நாலு வார்த்தைதான் என் ஒர்க்‌ஷாப்புக்குப் பல வருஷம் வேலை கொடுத்தது.

வண்டி ஓட்டாதவர்களுக்காக ஒரு விளக்கம். இன்ஜின் சுழல்வதைச் சக்கரம் பக்கம் கொண்டுபோகிற தட்டுதான் கிளச் பிளேட். பெடலை மிதித்தால் பிடியை விடும். காலை எடுத்தால் பிடித்துக்கொள்ளும். மிதிக்கவும் மிதிக்காமல், எடுக்கவும் எடுக்காமல் பெடல்மேல் காலைப் போட்டு வைத்தால், அது பிடித்தும் பிடிக்காமலும் உரசிச் சூடாகிக் கருகும். கியர் மாற்றியதும் காலைக் கீழே வை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மாஸ்டர் அந்த ஒரு வார்த்தையைத் தவிர உலகத்திலுள்ள எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தார்.

சொல்லிக்கொடுப்பது அவருக்குத் தொழில் இல்லை, மூச்சு. ஒருமுறை மஞ்சக்குப்பத்தில் அமரர் ஊர்தி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. கை காட்டி நிறுத்தினார். பின்னால் வந்த உறவுக்காரர்கள், ஏதோ மாலை போடப்போகிறார் போலிருக்கிறது என்று வழிவிட்டார்கள். மாஸ்டர் டிரைவர் பக்கம் போய், “ரெண்டாவது கியர்ல போ, தம்பி. இதுக்கு என்னா அவசரம்?” என்று சொல்லிவிட்டு வந்தார். ஓட்டலில் இட்லி கொண்டுவந்தவரிடம், கை நிறையத் தட்டோடு திரும்பும்போது முதலில் தோளைத் திருப்பக் கூடாது என்றார். கண் டாக்டரிடம் போய், அவர் ஸ்டூலைப் பின்னால் தள்ளுமுன் திரும்பிப் பார்க்கவில்லை என்று கண்டித்துவிட்டு, சொட்டு மருந்து என்ன போடுவது என்று கேட்காமலே வந்துவிட்டார்.

ஆமாம், கேட்கமாட்டார். அதுதான் அவர். மாஸ்டர் யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. ‘இதுக்கு என்னா அவசரம்’ மாதிரி கேட்பதெல்லாம் பதில் வேண்டிக் கேட்பது இல்லை. வழி தெரியாத ஊரில்கூட, எதிரே வருகிறவரை நிறுத்தி, “இது விருத்தாசலம் போற ரோடு” என்று தகவல் சொல்வார். அந்த ஆள் பதறிப்போய் இல்லை என்று மறுத்து, சரியான வழியைக் காட்டுவார். “அதான் சொல்றேன்” என்று மாஸ்டர் வண்டியைத் திருப்புவார்.

இப்படிப்பட்டவர் ஒரு காரை வாங்கினார். பாண்டிச்சேரிப் பையன் ஒருவன் ஆசை ஆசையாக ஏற்றி வைத்திருந்த டர்போ பெட்ரோல் வண்டி. கம்பெனி கொடுத்த வேகம் போதாதென்று, இன்ஜின் கம்ப்யூட்டரை மாற்றி எழுதி, இழுவையைக் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு ஆக்கியிருந்தான். முப்பது வருஷம் இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஊரைச் சுற்றிய மனுஷனுக்கு அந்த வண்டி எதற்கு என்று ஊரே யோசித்தது. யாரும் கேட்கவில்லை. அவரிடம் படித்தவர்களுக்கும் கேட்கும் பழக்கம் போய்விட்டிருந்தது.

வாங்கிய பத்தாம் நாள் என்னிடம் வந்தார். ஐந்தாவது கியரில் அழுத்தினால் இன்ஜின் கத்துகிறது, வண்டி வேகம் எடுக்கவில்லை என்றார். ஓட்டிப் பார்த்தேன். அன்றைக்குக் குற்றம் அவர் காலில் இல்லை. இன்ஜின் சக்தியை ஏற்றிய பையன், கம்பெனி கிளச்சை அப்படியே விட்டிருந்தான். அவ்வளவு இழுவையை அதனால் பிடிக்க முடியவில்லை.

“மூணு வழி இருக்கு மாஸ்டர்,” என்றேன். “கம்பெனி கிளச்சே போட்டா திரும்ப வழுக்கும். ரேஸ் வண்டிக்குப் போடற செராமிக் இருக்கு, புடிச்சா புடிச்சதுதான், ஆனா ஊருக்குள்ள ஓட்ட முடியாது. நடுவுல ஒண்ணு இருக்கு. பிளேட் சாதாரணமா இருக்கும், அத அழுத்தற ஸ்பிரிங் மட்டும் கொஞ்சம் பலம். உங்களுக்கு அது போதும்.”

“இருக்கறதுலயே ஜாஸ்தியா எது புடிக்கும்?”

ஒரு கணம், கேட்டேவிட்டார் என்று நினைத்தேன். நான் வாயைத் திறப்பதற்குள், “செராமிக். அதப் போடு” என்று அவரே முடித்துவிட்டார்.

போட்டேன். அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். சென்னையிலிருந்து வரவழைத்து மாட்டிக் கொடுத்தேன். பெடலை மிதிக்க அவர் சீட்டிலிருந்து பாதி எழுந்துகொள்ள வேண்டியிருந்தது. செம்மண்டலம் சிக்னலில் பச்சை விழுந்ததும் வண்டி ஆட்டுக்குட்டி மாதிரி மூன்று துள்ளு துள்ளி அணைந்துபோனது. பின்னால் நின்ற ஸ்கூட்டியில் இருந்தது அவரிடம் அந்த வாரம்தான் படிக்கச் சேர்ந்த பெண். “இப்பிடித்தான் ஓட்டக் கூடாதுன்னு காட்டுனேன்” என்று அவளிடம் சொன்னாராம். மூன்றாம் வாரம் இடது முழங்கால் வீங்கி, ஒரு கையால் காலைப் பிடித்துக்கொண்டு வந்து, ஊர் ரோடு சரியில்லை, வேறு கிளச் போடு என்றார்.

நடுவில் இருப்பதைப் போட்டேன். பிளேட் உரசுகிற ஃப்ளைவீலை லேத்தில் கொடுத்து முகத்தைச் சமமாக்கி, ஆயில் சீல் மாற்றி, எல்லாம் முறையாக. முதல் எண்ணூறு கிலோமீட்டர் அழுத்தாமல் ஓட்டணும், பிளேட் பதியட்டும், அப்புறம் தயவுசெய்து காலைப் பெடல்மேல் வைக்காதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னேன். முதலில் சொன்னதைக் கேட்டார். இரண்டாவதைச் சொல்லும்போது ரோட்டில் போகிற ஆட்டோவுக்கு ஏதோ கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

நாலே மாதம். வண்டி ஒர்க்‌ஷாப்புக்குள் நுழையுமுன் வாசனை நுழைந்தது.

கியர்பாக்ஸை இறக்கினேன். பிளேட் கரிக்கட்டையாக இருந்தது. இன்ஜின் ஆயில் கசிந்து பிளேட்டில் பட்டிருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. பெடல் லைனில் காற்று புகுந்திருக்கிறதா, இல்லை. தரை மேட் பெடலில் மாட்டுகிறதா, அதுவும் இல்லை. ஒவ்வொன்றாகத் தட்டிக் கழித்துக்கொண்டே வந்தால், கடைசியில் மிச்சம் இருந்தது ஒன்றுதான். அது பாட்டா செருப்பு போட்டிருந்தது.

சொன்னேன். மாஸ்டர் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கே பாவமாகிவிட்டது. “முப்பது வருஷமா கிளச்ல கால் வெச்சவன் நான். எனக்கா?” என்றார். எழுந்து எதிர் டீக்கடைக்குப் போனார். அங்கே நாலு பேர் நடுவில், எனக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்: “டூப்ளிகேட் பிளேட் போட்டுட்டான்.”

நான் கம்பெனி பெட்டி, சீல், பில் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினேன். மாஸ்டர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பொட்டியும் டூப்ளிகேட்டுதான்” என்றார்.

சிரிப்பாக இருக்கிறது இப்போது. அன்றைக்கு வயிறு எரிந்தது. அந்த ஊரில் கார் வைத்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு அவர்தான் குரு. அவர் சொன்னால் அதற்குமேல் பேச்சில்லை. ஒரு மாதத்துக்குள் என் வாசலில் வண்டி குறைந்தது. வந்தவர்களும், “பாத்துப் போடுப்பா” என்றார்கள். அதைவிடப் பெரிய அடி சிதம்பரத்திலிருந்து வந்தது. அங்கே டிராவல்ஸ் நடத்தும் ஜெயபால் எனக்கு மாமா முறை. அவருடைய பதினோரு வண்டிகளின் வேலையையும் எனக்கே கொடுப்பதாகப் பேசி முடித்திருந்தார். அதை நம்பி ஆள் சேர்த்து, வண்டி தூக்குகிற லிஃப்ட் இன்னொன்றுக்கும் சொல்லியிருந்தேன். அவர் ஃபோன் செய்து, “மாப்ள, கொஞ்ச நாள் போவட்டும். மாஸ்டரே அப்பிடிச் சொல்றாரே” என்றார்.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். அதே டீக்கடையில், அதே வாயால், ‘அது ஒரிஜினல்தான்’ என்று அவர் சொல்லவேண்டும்.

அதற்கு ஒரு வேலை செய்தேன். மூன்றாவது கிளச்சை, அதே ரகம், அதே கம்பெனி, என் கைக்காசில் போட்டேன். கூடவே கிளச் பெடலில் ஒரு சின்ன சுவிட்சை வைத்து, பழைய வேன் ஒன்றின் ரிவர்ஸ் ஹாரனோடு இணைத்தேன். பின்னால் எடுக்கும்போது குருவி கத்துமே, அந்த ஹாரன். பெடலைக் கால் தொட்டால் குருவி கத்தும். எடுத்தால் நின்றுவிடும். ஒரு டெஸ்ட் இருக்கிறது மாஸ்டர், சிதம்பரம் வரை ஓட்டிக் காட்டுங்கள் என்றேன். டெஸ்ட் என்றதும் முகம் மலர்ந்தது. யாரோ ஃபெயிலாகப் போகிறார்கள் என்று நினைத்துவிட்டார்.

ஜெயபால் மாமா அன்று ஒரு வேனுக்கு எஃப்சி காட்டக் கடலூர் வந்திருந்தார். அவரை ஏற்றிக்கொண்டோம். சிதம்பரத்தில் ஒரு வளைகாப்புக்குப் போகவேண்டும் என்று மாஸ்டரின் மனைவியும் பட்டுப்புடவையோடு பின்சீட்டில் ஏறினார். பேசாத அம்மா. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கணவர் பேசுவதை ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்கும் பழக்கம் உள்ளவர்.

மாஸ்டர் வண்டியை எடுத்தார். குருவி கத்தியது. இரண்டாவது கியர் போட்டார், கத்தியது. மூன்று, நாலு, ஐந்து, கத்திக்கொண்டே இருந்தது. முதுநகர் தாண்டி நேர்ரோடு, கியர் மாற்ற வேலையே இல்லை. குருவி மட்டும் ஓயவில்லை. ரோட்டோரம் நடந்தவர்கள் வண்டி பின்னால் வருகிறது என்று நினைத்து ஒதுங்கினார்கள்.

“மாஸ்டர், கால்,” என்றேன்.

“கால் கிளச்சுல இல்ல. ஒயரிங் ஷார்ட்டு.”

குனிந்து பார்த்தேன். செருப்போடு பெடல்மேல்தான் குடியிருந்தது. ஆலப்பாக்கத்தில் நிறுத்தச் சொன்னேன். மாமா, நீங்க ஓட்டுங்க என்றேன். பத்து வருஷம் வாடகை வண்டி ஓட்டியவர், இவர் ஓட்டினால் விஷயம் விளங்கிவிடும் என்பது என் கணக்கு.

ஜெயபால் மாமா எடுத்தார். குருவி கத்தியது. ஐந்தாவது கியர் வந்தது. அப்போதும் கத்தியது.

“மாமா, நீங்க எங்க வண்டி கத்துக்கினீங்க?”

“மாஸ்டர்கிட்டதான். கல்யாணத்துக்கு முன்னாடி, கடலூர்ல இருந்தப்போ.”

மாஸ்டர் தொடையில் தட்டினார். “பாத்தியா? அவரு ஓட்டுனாலும் கத்துது. ரெண்டு பேருக்கும் கத்துதுன்னா கோளாறு கால்லயா இருக்கும்? சுவிட்சும் டூப்ளிகேட்டு.” ஊர் முழுக்க ஒரே தப்பைச் சொல்லிக்கொடுத்தால், அது தப்பே இல்லை என்று ஆகிவிடுகிற அதிசயத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

புதுச்சத்திரத்தில் நானே ஸ்டியரிங்கைப் பிடித்தேன். நான் படித்தது சேத்தியாத்தோப்பில், என் சித்தப்பாவின் கரும்பு லாரியில். கிளச்சில் கால் வைத்தால் முட்டியில் அடிப்பார். கியர் மாற்றும்போது மட்டும் குருவி ஒரு குரல் கொடுத்தது, அப்புறம் வாய் திறக்கவில்லை.

“செஞ்சவன் நீ. எங்க தொட்டா நிக்கும்னு உனக்குத் தெரியாதா?” என்றார் மாஸ்டர்.

கண்ணாடியில் ஜெயபால் மாமா முகத்தைப் பார்த்தேன். என்னைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். போச்சு, என்று நினைத்தேன். பதினோரு வண்டியும் போச்சு, பெயரும் போச்சு. நானே ஒயர் இழுத்து, நானே சுவிட்ச் வைத்து, என்னை நானே டூப்ளிகேட் ஆக்கிக்கொண்டேன். அழுகை வந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். வந்தது.

பி.முட்லூர் வந்துகொண்டிருந்தது. பின்னாலிருந்து அக்கா சொன்னார்: “வண்டிய ஓரங்கட்டு, தம்பி.”

வாந்தி வருகிறது போல என்று நிறுத்தினேன். இறங்கி வந்து, என் பக்கக் கதவைத் திறந்து, “எறங்கு, நான் ஓட்டறேன்” என்றார்.

மாஸ்டர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். சீட்டை முன்னால் இழுத்தார், மூன்று கண்ணாடியையும் சரிசெய்தார். இன்டிகேட்டர் போட்டு, திரும்பிப் பார்த்து, எடுத்தார். குருவி ஒருமுறை கத்தி நின்றது. கியர் மாறும்போதெல்லாம் ஒரு சின்னக் குரல், அவ்வளவுதான். வெள்ளாற்றுப் பாலத்தில் ஒரு வைக்கோல் லாரி மறித்தது. மூன்றாவது கியருக்கு இறக்கி, ஹாரன் அடிக்காமல் காத்திருந்து, தாண்டினார். டர்போ வண்டி பூனை மாதிரி போனது. இந்த வண்டி இவ்வளவு அழகாக ஓடும் என்று கிளச் மாட்டிய எனக்கே தெரியாது.

முன்சீட்டில் இருந்த மாஸ்டர் அக்காவின் காலையே பார்த்துக்கொண்டு வந்தார். “நீ எப்ப...” என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

“பாண்டில. எங்க அக்கா வூட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போயி, அங்க ஒரு ஸ்கூல்ல இருபது நாள். லைசென்ஸ் வாங்கி ஏழு வருஷம் ஆவுது.”

“நம்ம ஸ்கூல் இருக்கும்போது...”

“நம்ம ஸ்கூல்ல மொத நாள் நீங்க கத்துன கத்துல நான் நடு ரோட்டுல எறங்கி நடந்தே வந்தேனே. நீங்க பின்னாலயே வண்டிய ஓட்டிக்கினு வந்து கண்ணாடிய எறக்குனீங்க. சாரி கேக்கத்தான் எறக்குறீங்கன்னு நெனச்சேன். சிக்னல் காட்டாம எறங்கக் கூடாதுன்னீங்க.”

ஜெயபால் மாமா வெளியே வயலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அந்தப் பக்கம் பார்க்க ஒன்றுமில்லை.

கொஞ்ச தூரம் போனதும் மாஸ்டர் தொண்டையைக் கனைத்தார். குரல் சின்னதாக இருந்தது.

“எடது கால எங்க வெப்ப நீ?”

பதில் தெரியாமல் அவர் ஒன்றைக் கேட்டு நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். அவ்வளவு நாள் அவர்மேல் இருந்த கோபம் என்னிடம் அந்த நிமிஷம் இல்லை. பாவமாக இருந்தது.

“கீழ,” என்றார் அக்கா. “தரையில. அதுக்குத்தான் எடம் வுட்டிருக்கானே.”

மண்டபத்து வாசலில் உறவுக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். என்ன மாஸ்டர் லேட்டு என்றார்கள். “வழியில ஒயரிங் தகராறு. நான் பாத்து சரிபண்ணிட்டேன்” என்றார். எனக்குப் போன கோபம் அப்படியே திரும்பி வந்தது. சாவிக்காக அக்காவிடம் கையை நீட்டினார். அக்கா அதைத் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். ஜெயபால் மாமா என்னைத் தனியே இழுத்து, “திங்கக்கெழம மொத வண்டிய அனுப்பறேன். வர்ற வண்டிலல்லாம் அந்தக் குருவிய மாட்டிடு” என்றார். “நான் ஓட்டற வண்டிலயும்.”

அதன்பிறகு அந்த டர்போவை ஓட்டுவது அக்காதான். கிளச்சுக்காக அது என் ஒர்க்‌ஷாப்புக்கு வரவேயில்லை. ஓசூருக்குக் குடிபோகுமுன் ஆயில் மாற்றக் கொண்டுவந்தார்கள். நாலு வருஷம் ஆகியிருந்தது. கையோடு ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். நேற்று போட்டது மாதிரி பிடித்தது. வந்து இறங்கும்போது மாஸ்டர் எதிர் டீக்கடையில், அதே நாலு பேர் நடுவில் நின்றுகொண்டிருந்தார்.

“எப்பிடி இருக்கு கிளச்?” என்றார் யாரோ ஒருவர், என்னிடம்.

நான் பதில் சொல்லுமுன் மாஸ்டர் கிளாஸைக் கீழே வைத்தார். “நாலு வருஷம்! அப்பிடியே இருக்குது. அவன் டூப்ளிகேட்டுன்னான், நான்தான் ஒரிஜினல்னு சொல்லிப் போட வெச்சேன்” என்றார்.

நாலு பேரும் என்னைப் பார்த்து, இப்பவாவது புரிஞ்சுதா என்பதுபோலத் தலையை ஆட்டினார்கள்.